ஒரே உத்தரத்தின் மேல்

கலீலுல்லா செய்த கப்பல் ஒன்றுகூட இதுவரை தண்ணீரைத் தொட்டதில்லை. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மிதப்பவை. ஓய்வுபெற்ற கேப்டன்களின் வீட்டு ஹாலிலும், கப்பல் கம்பெனி முதலாளிகளின் நாற்காலிக்குப் பின்னாலும் அலுங்காமல் குலுங்காமல் நிற்பவை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில், ஒரு தோல்பைக் கடைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் அவருடைய பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து கப்பல் செய்கிறார். அதிலும் மேல்தளத்துக்குப் பலகை பாவுவதில் தன்னை அடிக்க பம்பாயில் ஆள் கிடையாது என்பது அவர் நினைப்பு. நினைப்பு என்ன, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்வார். அதில் பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவர் பலகை பாவி முடித்த தளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு, ராஜபாண்டி என்கிற கப்பல்கூலி தலையைச் சொறிந்தான்.

"பாய், இது எங்க கப்பல் இல்லையே."

"கண்ணைத் துடைச்சிட்டுப் பாருடே. பின்கூண்டு, பாய்மரம், சரக்கு இறக்குற வாய், எல்லாம் உங்க கப்பல்தான். அளவெடுத்துச் செஞ்சது."

"அதெல்லாம் சரிதான் பாய். இந்தப் பலகைதான் இல்ல. இப்படி அடிச்சிருந்தா அது ஏன் முங்கப் போகுது?"

ராஜபாண்டி அந்தக் கப்பலில் இருந்தவன். அது கடலுக்குள் போனபோது ஒரு டிரம்மைக் கட்டிப்பிடித்து ராத்திரி முழுக்க மிதந்து பிழைத்தவன். அன்றைக்கு மத்தியானம் சாட்சி சொல்லப் போகிறவனும் அவன்தான்.

அந்தக் கப்பலின் தண்டல் கலீலுல்லாவின் தம்பி உஸாமா. தண்டல் என்றால் மரக்கப்பலுக்குக் கேப்டன், தொப்பி மட்டும் கிடையாது. மே மாதக் கடைசியில், மழைக்கு முந்தின கடைசி நடையில், ஏழு பேரோடு போன கப்பல் முங்கியது. நான்கு பேர்தான் கரை சேர்ந்தார்கள். தண்டல் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றினான், மூன்று உயிருக்கும் அவன்தான் பொறுப்பு என்று முதலாளி கையை விரித்துவிட்டார். சரக்கு அளவுதான், முதலாளி போன தடவை ரிப்பேரில் மட்டமான துண்டுப் பலகையைப் போட்டுத் தளத்தைக் கெடுத்தார், அதுதான் பிளந்துகொண்டது என்பது உஸாமா பக்கத்து வாதம். கப்பலோ கடலுக்கு அடியில். எதைக் காட்டி நிரூபிப்பது? மாதுங்காவில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் விஜயலட்சுமிதான் வழி சொன்னாள். "விசாரிக்கிற அதிகாரிக்குக் கடல் தெரியும் கலீல் பாய், தச்சு தெரியாது. வாயால எவ்வளவு சொன்னாலும் ஏறாது. ரிப்பேருக்கு அப்புறம் கப்பல் எப்படி இருந்ததோ, அப்படியே ஒரு மாடல் பண்ணிக் கொண்டுவாங்கோ. துண்டுப் பலகையோட." அதிகாரி நம்பவில்லை என்றால் உஸாமாவின் லைசென்ஸ் போகும், மூன்று சாவுக்கும் போலீஸ் கேஸ் வரும், ஜெயில் நிச்சயம். மூன்று மணிக்கு விசாரணை.

கலீலுல்லா செய்தார். அரை அங்குலத்துக்கு ஓர் அடி என்று கணக்குப் போட்டு, ரிப்பேர் ஆன பகுதிக்கு மட்டும் துண்டுத் துண்டாகப் பட்டை நறுக்கி, ஐந்து நாள் உட்கார்ந்து பாவினார்.

"துண்டுப் பலகைதானே போட்டிருக்கேன்?" என்றார் இப்போது, குரல் கொஞ்சம் இறங்கி.

"துண்டுதான் பாய். ஆனா ஜாயிண்டு இப்படி மாறி மாறிக் கிடையாது." ராஜபாண்டி விரலால் தளத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். "இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் எல்லா ஜாயிண்டும் ஒரே உத்தரத்து மேல. ஒரே லைன். வெட்டி வச்ச மாதிரி."

பலகை பாவத் தெரிந்த எவனும் அதைச் செய்ய மாட்டான். தளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் கட்டைதான் உத்தரம். இரண்டு பலகையின் முனை அதன் மேல் வந்து சேரும்போது ஆளுக்குப் பாதி இடம்தான் கிடைக்கும். ஆணியை முனைக்கு ஒட்டித்தான் அடிக்க முடியும். அதனால் அந்த இடம் எப்போதும் நோஞ்சான். பக்கத்துப் பலகையின் மூட்டைத் தள்ளி வேறு உத்தரத்தில் வைப்பார்கள். குறைந்தது மூன்று பலகையாவது தாண்டித்தான் பழைய உத்தரத்துக்குத் திரும்பலாம். செங்கல் சுவர் எழுப்புகிற கொத்தனார் இடுக்குக்கு மேல் இடுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுபோலத்தான் இதுவும். கலீலுல்லாவுக்கு இது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கை தானாகத் தள்ளி வைத்துவிடும். மூட்டு எங்கே வந்தது என்று தம்பியிடம் அவர் கேட்கவே இல்லை. சட்டையின் பட்டன் நெஞ்சுப் பக்கமா முதுகுப் பக்கமா என்று யாராவது கேட்பார்களா?

ஆனால் தம்பி சொல்லியிருக்கலாமே! பிழைத்து வந்த நாள் முதல் உஸாமா இந்தப் பட்டறை ஜன்னலோரத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து நாளும் பட்டை மேல் பட்டையாக அண்ணன் ஒட்டுவதை ஒன்றுவிடாமல் பார்த்தவன். இப்போதும் அங்கேதான் இருந்தான்.

"ஏல உஸாமா. இவன் சொல்றது நெசமா?"

உஸாமா ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்ப அஞ்சு நாளா வாயில என்ன வச்சிருந்தே? கொழுக்கட்டையா? நான் மாத்தி மாத்தி வைக்கேன், நீ ஆடு மாதிரி பார்த்துட்டு இருந்திருக்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

உஸாமா மாடலின் தளத்தையே பார்த்தான். "பார்க்க நல்லா இருந்துச்சு காக்கா" என்றான் அண்ணனிடம்.

கலீலுல்லாவுக்கு வந்த கோபத்தில் உளியைத் தூக்கி எறிந்திருப்பார். ஏணியில் ராபியாவின் தலை தெரிந்ததால் அடக்கிக்கொண்டார். ராபியா உஸாமாவின் மனைவி. கையில் டீ வாளியோடு ஏறி வந்தவள், மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்டு, ராஜபாண்டி சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கலீலுல்லா விஜயலட்சுமிக்குப் போன் போட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா?

"ஏற்கெனவே மூணு வாய்தா வாங்கியாச்சு கலீல் பாய். இன்னிக்கு இல்லேன்னா ஆபீசர் முதலாளி தரப்பு ரிப்போர்ட்டை வச்சே எழுதிடுவார். அவா கையில ரிப்பேர் யார்டோட பில் வேற இருக்கு, எல்லாம் முறைப்படி செஞ்சதா. ரெண்டரைக்கு அங்கே இருக்கணும்." பிறகு, "மூட்டெல்லாம் ஒரே வரிசைங்கறதுதான் நம்ம கேஸே. உங்க தம்பி சொல்லலையா?" என்றாள்.

மணி எட்டரை. முப்பத்து மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு துண்டு, ஆக அறுபத்தாறு துண்டு. ஐந்து நாள் வேலை ஐந்து மணி நேரத்தில் முடிய வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் பசை காய்வது என்பது பம்பாயில் நடக்கிற காரியமில்லை.

"ராபியா, கீழே இஸ்திரிக்காரன்கிட்ட போய்ப் பெட்டியை வாங்கிட்டு வா. அப்படியே பக்கத்துச் சலூன்ல முடி காயவைக்கிற மிஷினையும் கேளு. ராஜபாண்டி, நீ இருடே. ஒவ்வொரு துண்டையும் பார்த்துச் சொல்லு."

ஈரத் துணியைத் தளத்தின் மேல் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி கிளம்பியது. வெள்ளைப் பசை இளகியதும் மெல்லிய கத்தியை நுழைத்து ஒவ்வொரு பட்டையாகக் கிளப்பினார். சில முழுசாக வந்தன, பல கிழிந்து வந்தன. நேற்று மாலை தடவித் தடவி ரசித்த வேலை. அவர் அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆவி கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு உத்தரங்கள் எலும்பு எலும்பாக வெளியே தெரிந்தன. ராபியா அவற்றின் மேல் சலூன் மிஷினைப் பிடித்துக் காயவைத்தாள். கலீலுல்லா வெனியர் என்கிற மெல்லிய மரத்தகட்டில் இரும்பு ஸ்கேலை அழுத்தி, கால் அங்குல அகலத்துக்குப் பட்டை கீறினார். பத்துப் பட்டையைச் சேர்த்துக் கட்டி, ஒரு பக்க விளிம்பில் மட்டும் கரும்பென்சிலைத் தேய்த்தார். நிஜக் கப்பலில் பலகைக்குப் பலகை நடுவே பஞ்சும் தாரும் அடைப்பார்கள். மாடலில் அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பென்சில்தான். இரண்டு பக்கமும் தேய்த்தால் கோடு தடித்து அசிங்கமாகிவிடும். பிறகு எல்லாப் பட்டையையும் ஒரே அளவில், ஆறு அங்குலத்துக்கு, வெட்டினார். அவர் வாழ்நாளில் தளத்துக்கு எல்லாத் துண்டையும் ஒரே அளவில் வெட்டியது அன்றுதான்.

நடு வரிசையை முதலில் ஒட்டினார். அதிலிருந்து வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் மயிரிழை மயிரிழையாகச் சாய்ந்து, ஓரத்துக்குப் போகும்போது ஒரு பலகை அகலம் காணாமல் போயிருக்கும். முதல் மூன்று வரிசை சரியாகத்தான் வந்தது. நாலாவதை ஒட்டி, சலூன் மிஷினின் சூட்டைக் காட்டி, ஐந்தாவதை எடுக்கும்போது ராஜபாண்டி கத்தினான்.

"பாய்! தள்ளி வச்சிருக்கீங்க!"

வைத்திருந்தார்தான். கை அவரைக் கேட்காமல் ஓர் உத்தரம் தள்ளி வைத்திருந்தது. துண்டு போதாமல் போனதைக்கூடக் கவனிக்காமல் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி அடைத்தும் இருந்தது. கிளப்பினார். திரும்ப ஒட்டினார். ஏழாவது வரிசையில் மறுபடியும். கலீலுல்லா தன் வலது கையை இடது கையால் பளாரென்று ஓர் அடி அடித்தார்.

"நடு உத்தரம். நடு உத்தரம். வேற எங்கயும் போகாதே." பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் வாய்விட்டுச் சொன்னார். சொல்லச் சொல்லத்தான் கை கேட்டது. கெட்ட வார்த்தையை உரக்கச் சொல்வதுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குக் கடைசி வரிசை. ராபியா மழமழப்பாக்க எட்டி உப்புத்தாளை எடுத்தாள்.

"அதைத் தொடாதே!" அவர் போட்ட சத்தத்தில் கீழே தோல்பைக் கடையில் தையல் மிஷின் நின்றது. உப்புத்தாளால் தேய்த்தால் பென்சில் கரி பரவித் தளமெல்லாம் அழுக்காகிவிடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டித்தான் சமப்படுத்த வேண்டும். சுரண்டினார். வெளிர்மரம் மேலே வர, கோடுகள் துலக்கமாகத் தெரிந்தன.

"குறுக்கே போற அந்தக் கோடு இன்னும் கறுப்பா இருக்கணும் காக்கா" என்றாள் ராபியா. "அந்த ஆபீசர் கண்ணாடி போட்டிருக்காராம். அவர் கண்ணுல பளிச்சுனு விழணும். கதவைத் திறந்ததும் அதுதான் தெரியணும்."

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. பென்சிலைக் கூராகச் சீவி, முப்பத்து மூன்று மூட்டுக்கும் ஒவ்வொன்றாக அழுத்திப் போட்டார். பிறகு ஊசியால் ஆணிப் பொட்டு குத்தினார், முனைக்கு இரண்டு. இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, தளத்தை யாரோ கத்தியால் அறுத்ததுபோல ஒரு கோடு. கட்டை விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். அந்த வரிசை மட்டும் லேசாக உள்வாங்கி மீண்டது. இதன் மேல் சரக்கு மூட்டைகளை அடுக்கி, அதற்கும் மேல் அலை விழுந்தால்? இனி எவன் மறுக்க முடியும்! இந்த நான்கு மணி நேரத்தில் முதல் தடவையாக அவருக்கு நம்பிக்கை வந்தது.

"உஸாமா, வந்து பாரு. சரியா இருக்கா?"

உஸாமா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ராஜபாண்டி பார்த்துட்டான்ல" என்றான். எழுந்து வரவில்லை.

தெர்மகோல் பெட்டியில் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, ஏணியில் நான்கு பேர் கைமாற்றி இறக்கினார்கள். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கிறது என்று டாக்ஸிக்காரர் மாஹிம் வழியாகச் சுற்றினார். கலீலுல்லா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்தார். பக்கத்தில் ராபியா உதடு அசைய துஆ ஓதிக்கொண்டே வந்தாள். இரண்டு நாற்பதுக்கு விசாரணை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படியில் நின்றிருந்த விஜயலட்சுமி பிளாஸ்டிக்கை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இது போதும் கலீல் பாய்" என்று அவர் தோளைத் தொட்டாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், தடித்த கண்ணாடி. மாடலை மேசை மேல் வைத்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். யாரும் காட்டாமலே அவர் விரல் நேராக அந்தக் கோட்டுக்குப் போனது.

"இது என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

கலீலுல்லா சொன்னார். உத்தரம் என்றால் என்ன, மூட்டை ஏன் தள்ளி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். அதிகாரி கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தளம் உள்வாங்கியது. இன்னொரு தடவை அழுத்தினார். ராஜபாண்டியைக் கூப்பிட்டு, இப்படித்தான் இருந்ததா என்றார். இப்படித்தான் சாப், அலை விழுந்ததும் இந்த லைன்லதான் வாயைத் திறந்தது என்றான் ராஜபாண்டி. முதலாளியின் வக்கீல் பில்லை நீட்டினார். அதிகாரி அதை வாங்கவில்லை. "இந்த மாதிரி தளம் போட்டுவிட்டு பில்லைக் காட்டுகிறீர்களா?" என்றார். சுவரோரம் நின்ற ராபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில்தான்.

அதிகாரி தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் நிறுத்தி, மறுபடி மாடலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாமலே எனக்கு இந்தக் கோடு தெரிகிறது" என்றார் மெதுவாக. "எனக்குத் தச்சு தெரியாது. தண்டல், நீங்கள் பதினெட்டு வருஷம் கப்பலில் இருந்தவர். தினமும் இதன் மேல் நடந்தவர். நீங்கள் பார்க்கவில்லையா?"

விஜயலட்சுமி உஸாமாவைப் பார்த்தாள். மேலே சாக்குப் படுதா விரித்திருந்தது, சரக்கு மறைத்திருந்தது, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சொல்லு, சொல்லித் தொலை என்று கலீலுல்லா மனதுக்குள் கெஞ்சினார்.

உஸாமா, தளத்தை மாற்றியதற்கு அப்புறம் முதல் தடவையாக மாடலைப் பார்த்தான்.

"பார்த்தேன் சாப்" என்றான். "ரிப்பேர் முடிஞ்சு ஏறின அன்னிக்கே பார்த்தேன். முதலாளிகிட்ட சொன்னேன். மழைக்கு அப்புறம் மாத்திக்கலாம், ஒரு நடைதானேன்னார். நானும் ஒரு நடைதானேன்னு எடுத்துட்டேன்." விரலை நீட்டி மாடலின் கோட்டைக் காட்டினான். "சமையல்காரன் சாய்நாத் கேட்டான், தண்டல், இது என்ன குறுக்கே கோடுன்னு. ஒண்ணும் ஆகாது, நீ அடுப்பைப் பாருன்னேன். அவன் கடலோட போயிட்டான் சாப்."

பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது.

வெளியே வராந்தாவில் விஜயலட்சுமி சுற்றி வளைக்காமல் சொன்னாள். முதலாளி இனித் தப்ப முடியாது. உஸாமாவும் தப்ப முடியாது. தெரிந்தே எடுத்துக்கொண்டு போனதாக அவன் வாயாலேயே பதிவாகிவிட்டது. லைசென்ஸ் இன்றோடு சரி, போலீஸ் கேஸை நிறுத்த வழியில்லை, எத்தனை வருஷம் என்பதைத்தான் இனிப் பேச முடியும். சொல்லிவிட்டு அவளும் அங்கேயே நின்றாள்.

உஸாமா தூரத்தில், படிக்கட்டின் முனையில், மழை தெறிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் ஜன்னலோரத்தில் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது கலீலுல்லாவுக்கு இப்போது புரிந்தது. ஐந்து நாளும் அவன் முன்னால் முங்காத கப்பல் ஒன்று உருவாகிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் அவர் ஈரத் துணி போட்டுக் கிளப்பினார்.

ராபியா மாடல் இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அந்தக் கோட்டைக் கொஞ்சம் லேசாப் போட்டிருக்கக் கூடாதா காக்கா?" என்றாள்.

கலீலுல்லாவின் விரல் நுனியெல்லாம் இன்னும் பென்சில் கரி. கறுப்பாகப் போடச் சொன்னது யார் என்பதை அவர் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

"போட்டிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.